வளர்ப்புக்கு ஒரு ஆள் வரட்டும்

காட்டுமன்னார்கோயில்,
பங்குனி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் இளமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், புதிதாகக் கன்று போட்ட நம் செவலையும் நன்றாகவே இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "இருக்கேம்ப்பா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாய், அதனால் இந்தத் தடவை காகிதத்தில் கேட்கிறேன், காகிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார். லால்பேட்டை உபைதுல்லா பாயின் மகள் அம்ரீன் அடுத்த வாரம் லண்டனில் இருக்கும் புருஷனிடம் போகிறாள், நம் பொட்டலத்தையும் இந்தக் கடிதத்தையும் அவள் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் அங்கிருந்து உனக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். இங்கே உளுந்து பிடுங்கியாகிவிட்டது, விளைச்சல் சுமார்தான், காய் பிடிக்கும் நேரத்தில் தேவையில்லாத மழை ஒன்று பெய்து கெடுத்துவிட்டது. வீராணத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி இன்னும் இருக்கிறது, ஆனால் சிதம்பரம் பஸ்ஸைக் கண்டால் மட்டும் அந்த வலி எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை, அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உன் மஃப்ளர் விஷயம். நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. போன தை மாதம் உன் ஹார்ல்பி டவுன் ஃபுட்பால் கிளப்பின் மஃப்ளரை அனுப்பி, "பத்திரமா வைங்கப்பா, கிளப் போயிட்டா இது இனிமே கெடைக்காது" என்று சொல்லியிருந்தாய் அல்லவா. பத்திரமாகத்தான் வைத்தேன், தோளில். ஒரு நாள் மாட்டுச் சந்தைக்குக் கிளம்பும் அவசரத்தில் என் துண்டைக் கொடியில் மறந்துவிட்டேன். சந்தையில் தரகனுக்குத் துண்டு இல்லையென்றால் தொழில் இல்லை, உனக்குத் தெரியும், விற்பவன் கையும் வாங்குபவன் கையும் துண்டுக்குள்ளேதான் பேச வேண்டும், விரலைப் பிடித்து விலை சொல்லி, விரலை விட்டு விலை குறைத்து, வெளியே நிற்பவனுக்கு முகம் மட்டும்தான் தெரியும். அன்றைக்கு உன் மஃப்ளரைப் போட்டு மூடினேன். என்ன கனம், என்ன மறைப்பு! உள்ளே விரல் அசைவது ஒரு பொட்டுக்கூட வெளியே தெரியவில்லை. கூடத் தரகு பார்க்கும் ராஜமாணிக்கம், "மாமா, பொண்ணு அனுப்புன வெள்ளக்காரன் துண்டுல பேசுனா பேரம் படியாமப் போவுமா" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். அதிலிருந்து வாராவாரம் அதுதான் போகிறது. உன் அம்மா இரண்டு தடவை அலசிப் போட்டாள், சாயமும் போகவில்லை, மாட்டு வாடையும் போகவில்லை.

அந்த மஃப்ளரால் உன் கிளப் கதை சந்தைக்கே தெரிந்துபோயிற்று. நீலமும் மஞ்சளுமாக இருக்கிறதே, எந்தக் கட்சி என்று ஆரம்பித்தார்கள். கட்சி இல்லையப்பா, பந்து விளையாடும் கிளப், முதலாளி கடனில் மூழ்கிவிட்டான், இப்போது அதிகாரி ஒருத்தரைப் போட்டு நடத்துகிறார்கள், அவர் வாங்க ஆள் தேடுகிறார், அதற்கு அட்மினிஸ்ட்ரேஷன் என்று பெயராம் என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். இப்போது ராஜமாணிக்கம் என்னைப் பார்த்தால் நல்லா இருக்கியா என்று கேட்பதில்லை, "ஆள் வந்தானா மாமா" என்றுதான் கேட்கிறான். கிளப்புக்கு வயசு என்ன, பல் எத்தனை என்று விசாரித்தான். நூறு வருஷத்துக்கு மேலே என்றேன். "அப்ப பல்லே இருக்காதே, எவன் வாங்குவான்" என்று சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் வருத்தப்பட்டான்.

இந்தச் சந்தைப் புத்தியில்தான் போன மாதம் உன்னிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நீ அன்றைக்கு எவ்வளவு எரிச்சலில் இருந்தாய். வாராவாரம் அந்த அதிகாரி ஓர் அறிக்கை விடுகிறார், அதில் பேச்சு நடக்கிறது, யாருடன் என்று சொல்ல முடியாது என்பதைத் தவிர ஒன்றுமில்லை, நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக வேறு கிளப்புக்கு அனுப்பிவிட்டார்கள், ஒரு பக்கத்து கேலரியையே மூடிவிட்டார்கள், கோட்டுப் போட்ட எவனாவது மைதானத்துப் பக்கம் வந்தால் இவன்தான் வாங்கப் போகிறவனோ என்று எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள், அவன் பார்த்தால் குழாய் ரிப்பேர் பண்ண வந்தவன் என்று சொல்லிச் சொல்லிப் பொருமினாய். நான் என்ன சொன்னேன்? துண்டு மூடியிருக்கும்போது பக்கத்தில் நிற்பவன் விலை கேட்கக் கூடாது, பேரம் கெட்டுப்போகும், பேசாமல் இரு என்றேன். "அது மாடு இல்லப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அடுத்த ஞாயிறு வரை பேசவில்லை. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கோபம் அடங்கியதும் வேறொரு யோசனை பிடித்துக்கொண்டது. மாடு இல்லை, சரி, பின்னே அது என்ன? நிலமும் இல்லை, ஆலையும் இல்லை. உனக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது, உள்ளே போக நீயே டிக்கெட் வாங்க வேண்டும், மழையில் உட்கார்ந்து நனைந்துவிட்டு வருகிறாய், பாதி நாள் தோற்றும் போகிறார்கள். அப்படியும் "எங்க கிளப்" என்கிறாய். வேலை பார்க்கிற இடத்தை ஒரு நாளும் நீ "எங்க ஆஸ்பத்திரி" என்று சொல்லி நான் கேட்டதில்லை. இந்த "எங்க" எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

உபைதுல்லா பாயிடம் கேட்டேன். அவர் குவைத்தில் இருந்த காலமெல்லாம் இந்த இங்கிலீஷ் பந்தாட்டத்தைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்தவர். "சொன்னாப் புரியாது மச்சான், பாத்தாத்தான் புரியும்" என்று கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார், அங்கே ஏதோ கோப்பைக்காக ஊர் ஊராக அணிகள் வந்து ஆடிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் தேவனாம்பட்டினம் பையன்கள், கடலில் வலை இழுத்த தோள்கள், நீலச் சட்டை. இன்னொரு பக்கம் நெய்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த வெயிலிலும் நான் மஃப்ளரைத் தோளில் போட்டிருந்தேன், அதிலும் நீலம் இருக்கிறதே என்று நீலச் சட்டைக்காரர்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் எனக்கும் அவர்களுக்கும் உறவு. முதலில் பாயை நச்சரித்துக்கொண்டிருந்தேன், கையில் பிடித்தால் ஏன் தப்பு, ஒருத்தன் மட்டும் ஏன் பிடிக்கிறான், கொடி வைத்திருப்பவன் யார் பக்கத்து ஆள் என்று. பிறகு எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. பார்த்தால் மஃப்ளரைச் சுழற்றிக்கொண்டு, "வுடாத, வுடாத, புடிச்சிக்க" என்று கத்திக்கொண்டிருக்கிறேன், பக்கத்திலிருந்த மீன்காரர் ஒருவர் என் முதுகில் அடித்து, "பெரியவரே, நீங்க எந்தத் தெரு" என்று கேட்கிறார். முடியப்போகும் நேரத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றுப்போனார்கள். திரும்பும் வழியில் பாய் வாங்கிவைத்த பரோட்டாவைத் தொடாமல் அந்தக் கடைசிக் கோலைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தேன் பாப்பா. அந்தப் பையன்களில் ஒருத்தன் பெயர்கூட எனக்குத் தெரியாது. பாய் சிரித்துக்கொண்டே, "ஒரு மேட்சுக்கே இப்டின்னா, ஒம் பொண்ணு ரெண்டு வருசமாப் பாக்குறா மச்சான்" என்றார்.

அதிலிருந்து எனக்குக் கேள்விகள் பெருகிவிட்டன, நீ பொறுமையாக எழுத வேண்டும். முதலாளி போய்விட்ட பிறகு அந்தப் புல்லுக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள்? நீங்களே பெயின்ட் வாங்கி வந்து மைதானத்து கேட்டுக்கு அடித்ததாகச் சொன்னாயே, அதற்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா, இல்லை உங்கள் பாட்டுக்கு அடிக்கலாமா? கடன் வாங்கியது முதலாளி, அதற்குத் தண்டனையாக ஆட்டக்காரர்களின் புள்ளியைக் குறைத்துவிட்டார்களாமே, அப்பன் ஃபீஸ் கட்டவில்லை என்று பிள்ளையின் மார்க்கைக் குறைப்பார்களா, அங்கே அதுதான் நியாயமா? முக்கியமான கேள்வி ஒன்று, இது என்னுடையது மட்டுமல்ல, சந்தையே கேட்கச் சொன்னது. நம் சந்தையில் புது ஆள் ஒருவன் கயிற்றில் கை வைத்தால் விற்பவன் விலைக்கு முன்னால் கேட்பது, வளர்ப்புக்கா வெட்டுக்கா என்பதைத்தான். உன் மைதானம் ஊருக்கு நடுவில் இருக்கிறது என்றாய். அதைக் கேட்டதும் ராஜமாணிக்கம், "இடத்துக்குத்தான் மாமா வருவான், கிளப்புக்கு இல்ல, வாங்கிட்டு வூடு கட்டி வித்துருவான்" என்று பயந்துவிட்டான். உங்கள் அதிகாரி வருகிறவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறாரா? கேட்டால் அவன் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று அங்கே ஏதாவது சட்டம் இருக்கிறதா? இங்கே கிடையாது, முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அதனால்தான் இப்போது நீ சொன்னது எனக்குப் புரிகிறது. துண்டுக்கு வெளியே நிற்பவன் விலையைக் கேட்க வேண்டாம், ஆனால் வளர்ப்புக்கா என்று கேட்கலாம், கேட்டே ஆக வேண்டும். நீங்கள் கத்துவது விலைக்காக இல்லை என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

இனி உன் அம்மாவின் சிதம்பரம் கதை. இதை நான் எழுதுகிறேன் என்று ஞானாம்பாளுக்குத் தெரியும், எழுதச் சொன்னதே அவள்தான், தன்னால் சொல்ல முடியாதாம். நீ ஒரு நாள் அழுகிற குரலில், "கிளப்ப மூடிட்டாங்கன்னா நான் இங்க எதுக்குப்பா இருக்கணும், மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று சொன்னாயே, போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் அடுப்படியில் நின்று கேட்டுவிட்டாள். மறுநாள் பார்க்கிறேன், உன் அறையில் இருந்த நெல் மூட்டை எல்லாம் வெளியே, கட்டில் துடைத்திருக்கிறது, தலையணைக்குப் புது உறை. இரண்டு நாள் கழித்து முட்டிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகச் சிதம்பரம் பஸ் ஏறினாள். திரும்பி வரும்போது நெற்றி நிறையக் குங்குமம். இப்போதெல்லாம் டாக்டர் குங்குமமா எழுதிக் கொடுக்கிறார் என்று கேட்டேன். முறைத்தாள், பிறகு சொல்லிவிட்டாள். தில்லைக் காளியம்மனுக்கு நல்லெண்ணெய் வாங்கிக் கொடுத்து வேண்டிக்கொண்டாளாம். "அந்தக் கிளப்ப வாங்க ஒருத்தனும் வரக் கூடாது தாயே, எம் பொண்ணு வந்துடணும்" என்று. நான் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. பொய் எதற்கு, எனக்கும் உள்ளுக்குள் இனிப்பாகத்தான் இருந்தது. நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதுபோல நினைத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. உனக்குப் பிடித்த ஒன்று அழிய வேண்டும் என்று பெற்றவர்கள் இரண்டு பேரும் ஆசைப்பட்டுக்கொண்டு இருந்தோம், வாராவாரம் சந்தையில் ராஜமாணிக்கம் ஆள் வந்தானா என்று கேட்கும்போது பக்கத்து மாட்டின் பல்லைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொள்வேன்.

போன வாரம் உபைதுல்லா பாய் போனை எடுத்துக்கொண்டு வேகமாக வந்தார். உங்கள் ஊரில் ரசிகர்கள் எல்லோருமாக மைதானம் வரைக்கும் ஊர்வலம் போனீர்களாமே, அந்த வீடியோ. மழை கொட்டுகிறது, எல்லோரும் பாடிக்கொண்டு போகிறார்கள், "எங்களிடம் சொல்லுங்கள்" என்று பெரிய துணியில் எழுதிப் பிடித்திருக்கிறார்கள் என்று பாய் படித்துச் சொன்னார். நடுவில் நீ. கன்னத்தில் நீலமும் மஞ்சளும் பூசிக்கொண்டு, நனைந்து, வாயைத் திறந்து பாடுகிறாய். உன் அம்மா, இது எம் பொண்ணா, இவளுக்குப் பாட வருமா என்று வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். உன் பக்கத்தில் ஒரு வயதான அம்மா நடக்க முடியாமல் நடந்து வருகிறாள், நீ நின்று அவளுடைய கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிடுகிறாய், கழுத்து வரைக்கும், ஒவ்வொன்றாக. இதுதான் மாகியம்மாவா என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். நீ அங்கே போன முதல் குளிர்காலத்தில் வேலை விட்டால் பேச ஆளில்லாமல் அறைக்கு வருவதும் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தாய், ஒரு நாள் சும்மா மேட்சுக்குப் போனபோது பக்கத்துச் சீட்டில் இருந்த இந்த மாகியம்மா ஒன்றும் கேட்காமல் தன் பிளாஸ்க்கிலிருந்து பாதி டீயை ஊற்றிக் கொடுத்தாள் என்று சொல்லியிருக்கிறாயே, அதை உன் அம்மாவுக்கு ஞாபகப்படுத்தினேன். மறுபடியும் போடச் சொன்னாள். பாய் நாலைந்து தடவை போட்டுக் காட்டினார், ஒவ்வொரு தடவையும் அந்தப் பொத்தான் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். பாய் போன பிறகு, "அந்தம்மாவுக்கு வூட்டுல வேற யாராச்சும் இருக்காங்களா" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இருக்கிறார்களா பாப்பா? கட்டாயம் எழுது. அவளே பிறகு, "நாம பக்கத்துல இல்லாதப்ப நம்ம பொண்ணுக்கு டீ ஊத்திக் குடுத்தவ இருக்குற இடத்தப் போயி பூட்டச் சொல்லிட்டு வந்துட்டனே" என்று சொல்லிவிட்டு அழுதாள். அன்றைக்கு ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மறுபடியும் சிதம்பரம், இந்தத் தடவை நானும் கூடப் போனேன். வேண்டுதலை எப்படித் திரும்பப் பெறுவது என்று வழியெல்லாம் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டே போனோம், குமராட்சி தாண்டியும் ஒன்றும் தோன்றவில்லை. குருக்களிடம் நேராகவே கேட்டுவிட்டாள், போன தடவை கேட்டது தப்பு, அதை எடுத்துவிட முடியுமா என்று. அவர் என்ன விஷயம் என்றார். இங்கிலாந்தில் ஒரு ஃபுட்பால் கிளப் என்று உன் அம்மா ஆரம்பித்ததும் அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார், முழுக் கதையையும் கேட்டார், பின்னால் நின்ற இரண்டு பேரும் கேட்டார்கள். கடைசியில், "ஊத்துன எண்ணெயத் திருப்பி எடுக்க முடியுமாம்மா, இன்னொரு தடவ எண்ணெய் வாங்கிக் குடுத்துட்டு இப்ப என்ன வேணுமோ அதக் கேளுங்க" என்றார். வாங்கிக் கொடுத்தோம். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, என் காதில் விழும்படி, சந்தையில் ராஜமாணிக்கம் பேசுகிற அதே பேச்சில் கேட்டாள்: "ஆள் வரட்டும் தாயே. ஆனா வளப்புக்கு வாங்குறவனா வரட்டும்."

நீ வர வேண்டும் என்ற ஆசை எங்களுக்குக் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் தலையணை உறையை அவள் கழற்றவில்லை. வா, எப்போது வேண்டுமானாலும் வா, ஆனால் அங்கே பூட்டிவிட்டார்கள் என்பதற்காக வராதே. திரும்பிப் போக அங்கே உனக்கு ஒரு சீட்டும் பக்கத்தில் ஒரு மனுஷியும் இருக்கும்போதே லீவு போட்டு வா, முடிந்தால் மாகியம்மாவையும் கூட்டி வா, நம் வெயிலில் அவளுக்குக் கோட்டே தேவைப்படாது. மஃப்ளரைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்காதே. மாட்டை விற்றாலும் கட்டியிருந்த கயிற்றை வாங்குபவனிடம் கொடுக்க மாட்டோம், அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம், உனக்குத் தெரிந்ததுதான். உன் கிளப்பை யார் வாங்கினாலும் வாங்கட்டும், இந்தக் கயிறு நம் வீட்டில் இருக்கும். சந்தைக்கு மட்டும் கொண்டுபோவேன், அதற்குச் சம்மதம் கொடு.

பொட்டலத்தில் நார்த்தங்காய் ஊறுகாயும் வடகமும் பண்ருட்டி முந்திரியும் இருக்கின்றன. முந்திரியில் சின்னப் பை உனக்கு, பெரிய பை மாகியம்மாவுக்கு, மாற்றிவிடாதே. மழையில் நனைந்தால் தலையைத் துவட்டிக்கொள், ராத்திரி டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுது, புல்லுக்குத் தண்ணீர் யார் விடுகிறார்கள் என்பதை மறக்காதே. எல்லாம் நல்லபடியாக அமைந்து நீ நன்றாக இருக்க வீரநாராயணப் பெருமாளும் அந்தத் தில்லைக் காளியும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சபாபதி

பாப்பா, அம்மா எழுதுறேன். ஆள் வந்துட்டா முதல்ல எனக்குப் போன் பண்ணு, அப்பாவுக்கு அப்புறம் சொல்லிக்கலாம். வரலேன்னாலும் எனக்கே பண்ணு. தனியா அழாத.